கையின் ஆட்டமும் கம்பியின் ஆட்டமும்

ஆய்வேட்டின் நான்காம் இயலுக்கென ஒதுக்கியிருந்த மூன்று வாரங்களில் ஒரு வாரத்தை, நெறியாளரின் இசைவோடு, ஒரு பழைய காரின் கியர் லிவருக்கு அடியில் கழித்தேன். என்ன செய்தாய் என்று துறையில் பலரும் கேட்டுவிட்டார்கள். தனித்தனியே சொல்வதைவிட ஒருமுறை எழுதிவிடுவது நல்லது. நீண்ட பதிவு, பொறுமை உள்ளவர்கள் தொடரலாம்.

மாமாவின் வீடு திருவனந்தபுரம் பழவங்காடியில், கணபதி கோயிலில் தேங்காய் உடைபடும் ஓசை கேட்கும் தொலைவில் இருக்கிறது. வாசலை ஒட்டிய கொட்டகையில் நிற்பது ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு வண்டி. தாத்தா அதைப் பழைய வண்டியாகவே வாங்கினார். மாமா ஓட்டக் கற்றதும் அதில்தான். இன்று அவருக்கு எழுபத்து நான்கு வயது. நாள்தோறும் காலையில் அதை எடுத்துக்கொண்டு சாலைக் கடைத்தெரு வரை சென்று காய்கறி வாங்கி வருவார். நடந்தே போகக்கூடிய தொலைவுதான்; அதை அவரிடம் சொல்லும் துணிவு வீட்டில் யாருக்கும் இல்லை.

ஹெரால்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் கவன்ட்ரியில் ஸ்டாண்டர்டு ட்ரையம்ப் நிறுவனம் 1959 இல் அறிமுகப்படுத்திய வண்டி அது. வடிவமைத்தவர் தூரினைச் சேர்ந்த ஜியோவன்னி மிக்கெலொட்டி. சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961 முதல் அதை இங்கே உருவாக்கி விற்றது. ஆலை வண்டலூரில் இருந்தது. அம்பாசடரும் ஃபியட்டும் ஆண்ட சாலையில் மூன்றாவதாக ஓடியது இந்தச் சென்னைக்காரன். முன்மூடி, பக்கச் சிறகுகளோடு சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடும். ஊர்தி ஆர்வலர்கள் கொண்டாடும் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார், 1962 இல் இதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, இதே கியர்பாக்ஸ் குடும்பத்தைக் கொண்டு செய்யப்பட்டது. ஆகவே ஸ்பிட்ஃபயரின் கியர் லிவருக்கு வரும் நோய் ஹெரால்டுக்கும் வரும்.

நோய் இதுதான். கடந்த ஓராண்டாக மாமாவுக்குக் கியர் சரியாக விழவில்லை. இரண்டாவது என்று பின்னால் இழுத்தால் நான்காவதில் போய் உட்காரும். ஓவர்பிரிட்ஜ் கடந்து ஆயுர்வேதக் கல்லூரிப் பக்கம் ஏறும் ஏற்றத்தில் நான்காவது கியரில் வண்டி திணறி நிற்க, பின்னால் பேருந்து ஒலியெழுப்ப, மாமா வியர்த்துப்போய் வீடு திரும்பியது இரண்டு முறை நடந்துவிட்டது. அதே காலத்தில் அவருடைய வலக்கையில் ஒரு நடுக்கமும் தோன்றியிருந்தது. காப்பித் தம்ளரைப் பிடிக்கும்போது அத்தை மறுபக்கம் பார்த்துக்கொள்வாள். வீட்டார் இரண்டையும் சேர்த்து ஒரே முடிவுக்கு வந்தார்கள்: கை போய்விட்டது, வண்டியை விற்றுவிட வேண்டும். கொல்லத்திலிருந்து ஒருவர் விலை பேசியும் விட்டார். மாமாவும் மறுக்கவில்லை என்பதுதான் என்னை உறுத்தியது. "மக்களே, கை சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கு" என்றார். அவ்வளவுதான்.

நான் லிவரைப் பிடித்துப் பார்த்தேன். நியூட்ரலில் குமிழைச் சுட்டுவிரலால் தள்ளினாலே அது இரண்டு அங்குலத்துக்கு மேல் இங்கும் அங்கும் போய் வந்தது. என் கையில் நடுக்கம் இல்லை. எனக்கும் இரண்டாவது எங்கே முடிகிறது, நான்காவது எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

மொழியியல் படித்தவர்களுக்கு இந்த நிலை புதிதல்ல. தென் தமிழகத்தின் பேச்சில் ழகரமும் ளகரமும் பெரும்பாலும் ஒன்றாகிவிட்டன. வேறுபாடு இலக்கணத்தில் இருக்கிறது, எழுத்தில் இருக்கிறது, வாயில் இல்லை. கேட்பவர் சூழலைக் கொண்டு சொல்லை ஊகித்துக்கொள்கிறார். மாமா அரைநூற்றாண்டு மலையாளத்தோடு வாழ்ந்ததால் "பழவங்காடி"யில் ழகரம் தெளிவாக விழும். ஆனால் கியரில் அவரும் ஓராண்டாக ஊகித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஊகம் ஏற்றத்தில் உதவாது.

இன்னொரு சொல்லையும் இங்கே குறிக்க வேண்டும். இப்படித் தேய்ந்த இணைப்பில் வரும் தளர்வை நம் மெக்கானிக்குகள் "ஆட்டம்" என்கிறார்கள். ஆங்கிலத்தில் "பிளே", ஜெர்மனில் "ஷ்பீல்", பிரெஞ்சில் "ழ்யோ". இம்மூன்றும் விளையாட்டைக் குறிக்கும் சொற்களே. தமிழில் ஆட்டம் என்பதும் அப்படியே. இது ஆங்கிலத்தைப் பார்த்துப் பெயர்த்துக்கொண்டது என்று நான் கருதவில்லை. பல் ஆடுகிறது, நாற்காலிக் கால் ஆடுகிறது என்று நாம் பட்டறைகளைக் காணுமுன்பே சொல்லி வந்திருப்போம். சிக்கல் என்னவென்றால் கையும் ஆடுகிறது என்பதே. ஒரே வினை, எழுவாய் எது என்பதில்தான் மாமாவின் வழக்கு நின்றது.

அமைப்பை எளிமையாகச் சொல்கிறேன். ஹெரால்டில் கியர்பாக்ஸ் காலடியில் முன்னால் தள்ளி இருக்கிறது. ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் லிவரை வைப்பதற்காக, கியர்பாக்ஸின் மேல்மூடியிலிருந்து பின்னோக்கி ஒரு நீட்சி வருகிறது. அதற்குள் ஒரு தண்டு. தண்டின் பின்முனையை லிவரின் அடிமுனை பிடித்திருக்கிறது. முன்முனை உள்ளே கியரைத் தேர்ந்தெடுக்கும் விரலை அசைக்கிறது. உலோகம் உலோகத்தை உரசாமலும் அதிர்வு கைக்கு வராமலும் இருக்க, மூட்டுகளில் ரப்பரும் நைலானுமாகச் சிறு வளையங்கள் இருக்கின்றன. அவைதான் புஷ்கள். சுண்டுவிரல் நகத்தளவுப் பொருள்.

புஷ் என்ற சொல்லுக்கும் ஆங்கிலத்தில் புதரைக் குறிக்கும் சொல்லுக்கும் உறவில்லை. இது டச்சு மொழியிலிருந்து வந்தது. அங்கே அதன் பொருள் பெட்டி. சுழலும் ஒன்றைத் தனக்குள் ஏந்திக்கொள்ளும் பெட்டி என்று கொண்டால் பொருத்தமாகவே இருக்கிறது. நம் உலக்கைப் பூண் வெளியே அணிவது. இது உள்ளே அணியும் பூண்.

ரப்பர் வெப்பத்தாலும் எண்ணெயாலும் இறுகி வெடிக்கிறது, நைலான் தேய்கிறது. இதில் கவனிக்க வேண்டியது நெம்புகோல் கணக்கு. லிவர் தாங்கிய புள்ளிக்கு மேலுள்ள நீளம் கீழுள்ளதைப் போல் ஐந்து மடங்கு என்று கொள்வோம். கீழே ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால் மேலே குமிழ் ஐந்து மில்லிமீட்டர் ஆடும். மூட்டுகள் பல; ஒவ்வொன்றின் தேய்வும் மற்றதோடு கூடும். எந்த ஒரு புஷ்ஷையும் தனியே எடுத்துப் பார்த்தால் "இது போதும், ஓடும்" என்றுதான் தோன்றும். பல ஆண்டுகளாக வண்டியைப் பார்த்த எல்லாரும் அப்படியே சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்.

ஹெரால்டில் ஒரு வசதி, கியர்பாக்ஸை வண்டிக்குள்ளிருந்தே அணுகலாம். அடியில் படுக்க வேண்டியதில்லை. முன்னிருக்கைகளையும் விரிப்பையும் எடுத்துவிட்டு, நடுவிலுள்ள மேட்டுமூடியின் திருகுகளைக் கழற்றினோம். அழுத்திய அட்டையால் ஆன மூடி. திருவனந்தபுரத்தின் மழையில் ஓரமெல்லாம் அப்பளம் போல் உதிர்ந்தது. அப்புறம் ஸ்பேனர். வீட்டிலிருந்த மில்லிமீட்டர் ஸ்பேனர்கள் எதுவும் பொருந்தவில்லை; இது அங்குல அளவு வண்டி. ஏழின் கீழ் பதினாறு, அரை என்று எண்ணிட்ட தாத்தாவின் ஸ்பேனர்களை மாமா ஒரு கித்தான் பையிலிருந்து எடுத்தார். எடுத்தபோது கை நடுங்கியது. ஸ்பேனர் நட்டில் அமர்ந்ததும் நடுக்கம் நின்றுவிட்டது. நான் கவனித்தேன், அவரும் கவனித்தார். இருவரும் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

கியரை நியூட்ரலில் வைத்த பிறகே மேல்மூடியைத் தூக்க வேண்டும். அப்போதுதான் தேர்வுத் தண்டுகளின் வெட்டுகள் மூன்றும் ஒரே நேர்கோட்டில் நின்று, திரும்பப் பொருத்துவது எளிதாகும். தூக்கியதும் திறந்த வாயைத் துணியால் மூடினோம். உள்ளே ஒரு வாஷர் விழுந்தால் போச்சு. நீட்சியைப் படிப்புரையில் பழைய தினசரி விரித்து அதன்மேல் வைத்து மண்ணெண்ணெயால் கழுவினோம். பின்மூட்டின் போல்ட்டைத் தட்டி எடுத்தபோது புஷ் வெளியே வரவில்லை, கருந்தூளாகக் கொட்டியது. ஏதோ ஒரு காலத்தில் யாரோ சைக்கிள் டியூபைச் சுற்றி அடைத்திருந்தார்கள். போல்ட்டின் தண்டு நடுவில் இடுப்பு சிறுத்திருந்தது. தண்டின் துளை வட்டமாக இல்லை, முட்டையாக நீண்டிருந்தது.

மாமா அந்தப் போல்ட்டைக் கையில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இத நானா தேய்ச்சேன்?" என்றார். "ஐம்பது வருஷம் ஆச்சுல்லா மாமா" என்றேன். "அப்பாவும் சேர்ந்து தேய்ச்சது" என்றார் அவர்.

இங்கிலாந்தில் இந்த இணைப்புக்கான புஷ் தொகுதிகள் இன்றும் விற்கப்படுகின்றன; ஸ்பிட்ஃபயர் வைத்திருப்போரின் புண்ணியம். வரவழைத்தால் வாரக்கணக்கில் ஆகும். கொல்லத்துக்காரருக்கு அடுத்த வெள்ளி வரைதான் தவணை. சாலையில் ஒரு லேத் பட்டறையைப் பிடித்தோம். கடைந்து தருபவர் நாகர்கோவில் பக்கத்தவர்; மாமாவும் அவரும் இரு மொழிகளையும் ஒரே வாக்கியத்தில் கலந்து விலை பேசியது தனி ஆய்வுக்குரியது. தேய்ந்த துளையைச் சிறிது பெரிதாக்கி வட்டமாக்குவது, அதற்கேற்ற புஷ் கடைவது, போல்ட்டின் மேல் ஒரு எஃகுக் குழல் ஏற்றுவது என்று முடிவாயிற்று.

எதில் கடைவது என்பதில் அவர் சொன்னது எனக்குப் புதிய செய்தி. நைலான் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பும். கோடையில் கச்சிதமாகக் கடைந்த நைலான் புஷ் இடவப்பாதி மழையில் இறுகிப்போய் லிவரைப் பிடித்துக்கொள்ளும். அசிட்டால் என்னும் வெள்ளைப் பிளாஸ்டிக் கம்பி அவ்வளவு ஈரம் குடிக்காது. ஆகவே அசிட்டால். ஆட்டத்தை முழுவதுமாக ஒழிக்கவும் கூடாது என்று அவர் வற்புறுத்தினார். எண்ணெய்ப் படலம் இருக்க மயிரிழை இடம் வேண்டும். இல்லையேல் லிவர் மரக்கட்டையாகிவிடும்.

மறுநாள் மாலை பொருத்தினோம். கிரீஸ் தடவி, புதிய காகித கேஸ்கெட் வெட்டி வைத்து, மூடியை இறுக்கினோம். மேட்டுமூடியைப் போடும் முன்பே மாமா இருக்கைச் சட்டத்தில் ஒரு பலகையைப் போட்டு அமர்ந்து கிளட்சை மிதித்தார். ஒன்று. இரண்டு. நியூட்ரல். மூன்று. நான்கு. ஒவ்வொன்றும் விழும்போது ஒரு சிறு "டக்". கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் செய்தார். குமிழின் ஆட்டம் அரை அங்குலத்துக்கும் குறைவு. மறுநாள் காலை ஆயுர்வேதக் கல்லூரி ஏற்றத்தில் இரண்டாவது கியரில் வண்டி சீராக ஏறியது. முதல் கியருக்கு மட்டும் வண்டி முழுதாக நிற்க வேண்டும். அந்த கியர்பாக்ஸில் முதலாவதுக்கு சின்க்ரோமெஷ் கிடையாது. அது தேய்வல்ல, பிறவிக் குணம்.

கொல்லத்துக்காரருக்கு மாமாவே தொலைபேசியில் மறுப்புச் சொன்னார். இடையில் மாமாவின் மகன் ஒரு யோசனை சொன்னான். 2021 இல் வந்த மத்திய விதிப்படி ஐம்பது ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளைப் பழம்பெரும் ஊர்தியாகப் பதியலாம்; எண்ணில் "வி.ஏ." என்ற தனி எழுத்து வரும், முதல் பதிவுக்கு 20,000 ரூபாய். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் எடுக்கலாமே தவிர அன்றாடம் ஓட்டக்கூடாது. மாமா முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப காய்கறி எதுல வாங்க?" என்றார். பேச்சு அத்துடன் முடிந்தது.

நடுக்கம் போய்விட்டதா என்று கேட்பவர்களுக்கு: போகவில்லை. லிவரைப் பிடிக்கும்போது இல்லை. தம்ளரைப் பிடிக்கும்போது இருக்கிறது. ஓய்வில் வரும் நடுக்கமும் செயலில் வரும் நடுக்கமும் வெவ்வேறு காரணங்களால் அமையக்கூடியவை, மருத்துவர்கள் அதை வைத்தே விசாரணையைத் தொடங்குவார்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். ஓராண்டாக யார் சொல்லியும் மருத்துவரிடம் போகாத மாமா, சென்ற திங்களன்று தாமாகவே நரம்பியல் மருத்துவரிடம் நாள் வாங்கியிருக்கிறார். காரணம் கேட்ட அத்தையிடம், "வண்டிக்குள்ள ஆட்டத்தக் கழிச்சாச்சு, மிச்சம் எவ்வளவுன்னு பாக்கணும்லா" என்றாராம். வியாழன் காலை பத்து மணி. காரில்தான் போகிறோம், அவர் ஓட்டுகிறார்.