காலத்தின் வரிசை

கடந்த மாதத்தைச் சீனர் 'மேல் மாதம்' என்பர். அடுத்த மாதத்தைக் 'கீழ் மாதம்' என்பர். தமிழர்க்கோ காலம் நடந்து செல்வது: 'சென்ற மாதம்', 'வரும் மாதம்'. காலம் ஒன்றே, அதைக் காணும் மொழிகளின் பார்வை வேறு. சீனத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் ஆங்கிலம் கற்கையில் இவ்வேற்றுமையை நன்கு உணர்கிறார்.

சீன வினைச்சொல் காலத்திற்கேற்ப வடிவம் மாறாது. வினையை அடுத்து வரும் 'லெ' என்னும் இடைச்சொல், செயல் முற்றுப்பெற்றதை உணர்த்துமேயன்றி இறந்தகாலத்தை மட்டும் குறிப்பதன்று. 'நாளை உண்டுவிட்டுச் செல்வேன்' என்னும் பொருள்தரும் தொடரிலும் அது வரும். தமிழின் 'உண்டு' என்னும் வினையெச்சமும் இறந்தகால வடிவில் நின்றே நாளைய செயலைத் தழுவுகிறதன்றோ?

காலவடிவம் இல்லாத இடத்தில் சொல்வரிசை துணைநிற்கிறது. முன் நிகழ்ந்ததை முன்னரும் பின் நிகழ்ந்ததைப் பின்னரும் கூறுவதே சீனத்தின் பொது இயல்பு. 'பிறகு' எனப் பொருள்படும் 'யீஹௌ', தமிழிற்போலவே, 'உண்ட' என்பதனை அடுத்தே நிற்கும். ஆங்கிலத்தின் 'ஆஃப்டர்' தான் சார்ந்த தொடரின் தலையில் நிற்கும். அத்தொடரும் முதன்மைத் தொடருக்குப் பின் வரலாம்.

'டேக் தி டேப்லட் ஆஃப்டர் யூ ஈட்' என்கிறார் மருத்துவர். செவியில் முதலில் விழுவது மாத்திரை. வயிற்றில் முதலில் விழவேண்டியது உணவு. சொல்வரிசையையே செயல்வரிசையாகக் கொள்பவர் வெறும் வயிற்றில் மருந்தை உண்டுவிடக்கூடும். ஒரு சிறுசொல்லின் இடம் அறியாமை உடல்நலத்தையும் தொடும்.

'அன்டில்' மற்றொரு தடை. 'நள்ளிரவில்தான் உறங்கினார்' என்பதனைச் சீனரும் உடன்பாடாகவே கூறுவர். தமிழின் 'தான்' செய்யும் பணியை அங்கே 'ட்சாய்' செய்கிறது. ஆங்கிலமோ 'நள்ளிரவு வரை உறங்கவில்லை' என எதிர்மறையால் உணர்த்துகிறது.

எளியனவாகத் தோன்றும் சொற்களிலும் நுட்பம் உண்டு. சமையல் குறிப்பின் கடைசிப் படியைச் சுட்ட 'ஃபைனலி' பொருந்தும். அவ்விடத்தில் 'அட் லாஸ்ட்' என எழுதினால், நெடுநேரம் காத்திருந்து ஒருவழியாக உப்பிட்டதாகப் பொருள்படும்.

ஆதலின், அகராதி தரும் பொருளோடு கல்வி முடிவதில்லை. ஒரு சொல் நிற்கும் இடத்தையும், அது முந்தியதாக நிறுத்தும் செயலையும் அறிந்தவரே பிறமொழியில் காலத்தைப் பிழையின்றி உரைப்பர்.