கிளாஸ்கோவுக்கு வராத ரயில்

"அம்மா, வெளியே வந்ததும் 500-ஆம் நம்பர் பஸ்ல ஏறிடு. கடைசி ஸ்டாப்ல நான் நிக்கிறேன்."

மகன் போனில் இப்படிச் சொன்னதும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. துபாயில் விமானம் மாறி, இரண்டு பெட்டி, ஒரு கைப்பை, ஊறுகாய் டப்பாக்கள் சகிதம் தனியாக வந்து இறங்கியிருக்கிறேன்.

"ஏண்டா, ஏர்போர்ட்லேர்ந்து ரயில் கிடையாதா?"

"வரும்னு சொன்னாங்கம்மா. வரலை. வா, கதையைச் சொல்றேன்."

சென்ற ஆண்டு ஜூனில், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் எனக்கு இப்படித்தான் அறிமுகமானது. பஸ்ஸைக் குறை சொல்ல முடியாது. பெட்டி வைக்கத் தனி இடம் இருந்தது. ஏறுவதற்கு ஓட்டுநரே ஒரு கை கொடுத்தார். விமான நிலையம் ஊருக்கு மேற்கே சுமார் 13 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. சாலை காலியாக இருந்தால் கால் மணி நேரத்தில் போய்விடலாமாம். நான் வந்த நேரம், எம்8 நெடுஞ்சாலையில் கார்கள் எறும்பு வரிசை போல ஊர்ந்தன. நம் ஜி.எஸ்.டி. ரோடு ஞாபகம் வந்துவிட்டது.

இந்த ஊருக்கு ரயில் புதிதே அல்ல. 1896-லேயே சுரங்க ரயில் விட்டவர்கள் இவர்கள். லண்டன், புடாபெஸ்ட் நகரங்களுக்கு அடுத்தபடியாக உலகத்தில் மூன்றாவது. 15 நிலையங்களோடு ஊரை வளையம் போலச் சுற்றி வருகிறது. கிளாஸ்கோவில் செய்த நீராவி எஞ்சின்கள் கப்பலேறி இந்தியாவுக்கும் வந்து ஓடியிருக்கின்றன. தென்னாப்பிரிக்காவில் ஓடி முடித்த ஒரு ராட்சத எஞ்சினைத் திரும்பக் கொண்டுவந்து, ரிவர்சைடு அருங்காட்சியகத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. உலகத்துக்கே எஞ்சின் செய்து அனுப்பிய ஊரில் விமான நிலையத்துக்கு ரயில் இல்லை!

கதை இதுதான். கிளாஸ்கோ சென்ட்ரல் நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு ரயில் விடத் திட்டம் போட்டார்கள். ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் விவாதித்து, 2007-ல் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். அதே ஆண்டு நவம்பர் 9-ஆம் தேதி, நம் பக்கத்து ஊரான கொழும்பில் ஓர் ஓட்டெடுப்பு நடந்தது. 2014 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி யாருக்கு? நைஜீரியாவின் அபுஜா நகரத்தை 47-க்கு 24 என்ற கணக்கில் தோற்கடித்தது கிளாஸ்கோ. போட்டியும் வந்தாயிற்று, ரயிலும் வந்துவிடும் என்று ஊரே நம்பியது.

இரண்டு வருடம்கூட ஆகவில்லை. உலகப் பொருளாதாரம் சரிந்தது. அரசுச் செலவைக் குறைக்க வேண்டும் என்று 2009 செப்டம்பரில் ரயில் திட்டத்தைக் கைவிட்டார்கள். போட்டியை மட்டும் குறித்த தேதியில், 2014 ஜூலை 23-ல் ஆரம்பித்து, அமர்க்களமாக நடத்தி முடித்தார்கள்.

நமக்கும் அது இனிப்பான போட்டிதான். சென்னையைச் சேர்ந்த தீபிகா பள்ளிக்கல், ஜோஷ்னா சின்னப்பா ஜோடி ஸ்குவாஷ் இரட்டையரில் தங்கம் வென்றது இங்கேதான். வேலூர் சதீஷ் சிவலிங்கம் 77 கிலோ பிரிவில் பளு தூக்கித் தங்கம் வாங்கியதும் இங்கேதான். கிளைட் ஆற்றங்கரையில், எறும்புத்தின்னி முதுகு போல அடுக்கடுக்கான கூரையோடு ஓர் அரங்கம் இருக்கிறது. "சதீஷ் ஜெயிச்சது இந்த இடத்துலதான்மா" என்று மகன் காட்டியபோது, என்னவோ சொந்தக்காரர் வீட்டைப் பார்ப்பது போல இருந்தது.

அடுத்து டால்மர்னாக் பகுதிக்குப் போனோம். வீரர்கள் தங்குவதற்காகக் கட்டிய குடியிருப்பில் இப்போது சுமார் 700 குடும்பங்கள் வாழ்கின்றன. ஜன்னலில் பூந்தொட்டி, வாசலில் குழந்தைகளின் சைக்கிள். போட்டிக்காகப் புதுப்பித்த டால்மர்னாக் ரயில் நிலையமும் பளிச்சென்று இருக்கிறது. ஆக, போட்டியால் ஊருக்கு நன்மையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. போட்டிக்குக் கட்டாயம் வேண்டியது எதுவோ அது வந்தது. அது இல்லாமலும் போட்டியை நடத்தலாம் என்று தெரிந்ததும், ரயில் கழன்றுகொண்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், கிளாஸ்கோவில் போட்டி தொடங்க இரண்டு மாதம் இருக்கும்போது, அண்டை ஊரான எடின்பரோ தன் விமான நிலையத்துக்கு டிராம் வண்டி விட்டுவிட்டது. இந்த இரண்டு ஊர்களுக்கும் நம் மதுரை, கோவை போல எப்போதும் ஒரு செல்லப் போட்டி உண்டு. கிளாஸ்கோக்காரர்கள் அந்த டிராமைப் பற்றிப் பேசும்போது குரலில் லேசாகப் புகை வருகிறது.

ஊர் திரும்பும் நாளில், "பைஸ்லி வழியா போகலாம்மா" என்றான் மகன். ரயில் பாதை பிரிவதாக இருந்த இடம் இந்தப் பைஸ்லி. புடவைப் பிரியர்களுக்கு ஒரு தகவல்: நம் மாங்காய் புட்டாவை உலகம் 'பைஸ்லி டிசைன்' என்று அழைக்கிறதே, அது இந்த ஊரின் பெயர்தான். காஷ்மீர் சால்வையைப் பார்த்து இங்கே நெய்து பேர் வாங்கிக்கொண்டார்கள். நம் மதுரா கோட்ஸில் இருக்கும் 'கோட்ஸ்' என்ற பெயரும் இந்த ஊர் நூல் ஆலைக் குடும்பத்தினுடையது.

கிளாஸ்கோவிலிருந்து பைஸ்லி கில்மர் ஸ்ட்ரீட் நிலையத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடப் பயணம். அங்கிருந்து விமான நிலையம் இரண்டு கிலோமீட்டர்தான் இருக்கும். அந்த இரண்டு கிலோமீட்டருக்குத்தான் தண்டவாளம் இல்லை. பெட்டிகளை இறக்கி மறுபடி பஸ் ஏற வேண்டும். எங்களோடு இறங்கிய ஒரு பெண்மணி, விமான நிலையத்தில் துப்புரவு வேலை பார்ப்பவர். தினமும் இப்படித்தான் மாறிப் போகிறாராம். நாங்கள் ரயில் பேச்சை எடுத்ததும் சிரித்துவிட்டார். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வரப்போகிறது என்றார்களாம். இப்போது ஓய்வுபெறும் வயதாகிவிட்டது.

அவர் முகம் இன்னும் மறக்கவில்லை. பயணியான எனக்கு இது ஒரு நாள் சிரமம். விளையாட்டு வீரர்களை அழைத்துப் போக எப்போதும் தனி பஸ் இருக்கும். அந்த ரயில் தினமும் தேவைப்பட்டது இந்தப் பெண்மணிக்குத்தான். ஆனால், போட்டியைக் காட்டிக் கேட்ட ரயில், போட்டிக்கு வேண்டாம் என்றானதும் இவருக்கும் இல்லை என்றாகிவிட்டது.

டெல்லியில் கதை வேறு மாதிரி போனது. கனடாவின் ஹாமில்டனைத் தோற்கடித்து 2010 காமன்வெல்த் போட்டியைப் பெற்றது டெல்லி. போட்டிக்குள் ஓட வேண்டிய விமான நிலைய மெட்ரோ, போட்டி முடிந்து நான்கு மாதம் கழித்து, 2011 பிப்ரவரி 23-ல்தான் ஓடியது. அப்போது எல்லோரும் கேலி செய்தோம். நடுவில் பழுது பார்ப்பதற்காக ஆறு மாதம் நிறுத்தியும் வைத்தார்கள். ஆனால், இன்று டெல்லி போகிறவர்கள் புது டெல்லி நிலையத்திலிருந்து இருபது நிமிடத்தில் விமான நிலையம் போய்விடுகிறார்கள். போட்டிக்குத் தாமதமாக வந்தாலும் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது.

2026 போட்டியை நடத்துவதாக இருந்த ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், செலவுக்குப் பயந்து பின்வாங்கியது. மறுபடி கிளாஸ்கோதான் கைகொடுத்தது. இந்த ஆண்டு ஜூலை 23-ல் தொடங்குகிறது. புது அரங்கம் எதுவும் கட்டாமல், இருப்பதை வைத்துச் சிக்கனமாக நடத்துகிறார்கள். இந்த முறையும் வருகிறவர்களை வரவேற்கப்போவது அதே பஸ்தான்.

அடுத்து 2030-ல் நம் அகமதாபாத்! காமன்வெல்த் போட்டியின் நூறாவது ஆண்டு வேறு. சந்தோஷம்தான். ஆனால், அங்கே பாலமோ பாதையோ ரயிலோ எதைக் கட்டினாலும் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொள்ளலாம். 2031-ல் இதில் யார் ஏறுவார்கள்?

சென்னையில் இறங்கியதும் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு மெட்ரோ நிலையத்துக்கு நடந்தேன். முன்பெல்லாம் விமான நிலையத்திலிருந்து மூட்டை முடிச்சோடு எதிரே திரிசூலம் நிலையத்துக்குப் போவதற்குள் உயிர் போய் உயிர் வரும். 2016 செப்டம்பரில் மெட்ரோ வந்தது. எந்த நாட்டு வீரர்களுக்காகவும் அல்ல, நமக்காக.

இரண்டாவது நிறுத்தம் நங்கநல்லூர் ரோடு. அங்கே இறங்கி ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து, காபி போட்டுவிட்டுத்தான் மகனுக்குப் போன் செய்தேன்.

"அதுக்குள்ள வீட்டுக்கு வந்துட்டியாம்மா?" என்றான், நம்பாமல்.