காம்பராவில் ஓர் அலுவலகம்

சென்ற மாதம் அக்காவைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். ஹட்டன் டவுனில் பஸ்ஸை விட்டிறங்கி, ஓட்டோ பிடித்து, பாதை முடிந்த இடத்திலிருந்து தேயிலைச் சரிவில் நடந்தேறி லயத்தை அடைந்தபோது காலை பத்து மணி. அக்கா கொழுந்துக்குப் போயிருந்தாள். காம்பராக் கதவு சாத்தியிருந்தது. தட்டக் கையை ஓங்கினேன். பக்கத்துக் காம்பரா ஆச்சி ஓடிவந்து தடுத்தார்.

"தட்டாதீங்க தம்பி, பாப்பா ஆபீசுல இருக்கு."

உள்ளேதான் இருந்தாள் அக்காவின் மகள். கொழும்பு மென்பொருள் நிறுவனம் ஒன்றில் அவளுக்கு வேலை. மற்றவர்கள் எழுதிய நிரல்களில் பிழை தேடிச் சொல்ல வேண்டும். ("நீங்க புரூஃப் பாக்குற மாதிரிதான் மாமா" என்று ஒருமுறை விளக்கினாள். அன்றிலிருந்து அந்தத் தொழில்மீது எனக்கு மதிப்புக் கூடிவிட்டது.) 2020 மார்ச்சில் ஊரடங்கு வருவதற்கு முதல் நாள் கொழும்பு விடுதி அறையைக் காலி செய்துகொண்டு வந்தவள் அவள். பிறகு, இனி வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று நிறுவனம் சொல்லிவிட்டது. அந்த ஊரடங்கிலும் தோட்டத்தில் வேலை நிற்கவில்லை. பாதி உலகம் கதவை அடைத்துக்கொண்டு கணினிமுன் உட்கார்ந்திருந்த நாட்களில் அக்கா வழக்கம்போல மலையேறினாள். கொழுந்தை வீட்டிலிருந்து பறிக்க முடியாதே.

வெளிநாட்டு வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. லயம் என்பது தோட்டத் தொழிலாளருக்காக வெள்ளைக்காரர் காலத்தில் கட்டப்பட்ட நீண்ட வரிசைக் குடியிருப்பு. ஒரு குடும்பத்துக்கு ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடியில் ஒரு காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு. நானும் அக்காவும் பிறந்தது இதே காம்பராவில்தான். பேராதனைக்குப் படிக்கப் போகும்வரை எனக்கு வேறு வீடு தெரியாது.

அந்தக் காம்பராவின் ஒரு மூலையில், அக்காவின் பழைய சேலையைத் திரையாகக் கட்டி, பின்னால் ஒரு மேசையும் மடிக்கணினியும் வைத்திருக்கிறாள். திரைக்கு இந்தப் பக்கம் கட்டில், அலுமாரி, சாமிப்படம். காலையில் பக்கத்துக் காம்பராவில் மின்கேத்தலைப் போட்டால் இவள் விளக்கு மங்கும். ஆனி, ஆடியில் தகரக்கூரையில் மழை இறங்கினால் இணையவழிக் கூட்டத்தில் இவள் பேசுவது யாருக்கும் கேட்காது. "பின்னால் என்ன இயந்திரம் ஓடுகிறது?" என்று வெளிநாட்டுக்காரர் ஒருவர் கேட்டாராம். 2022இல் நாட்டில் 13 மணி நேரம்வரை மின்வெட்டு நீண்ட நாட்களில், டவுனில் ஜெனரேட்டர் இருந்த கடையொன்றின் பின்னறையில் இருந்து வேலை செய்தாள். இதையெல்லாம் அவள் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

சிரிக்காமல் சொன்னது ஒன்று. இஸ்தோப்பை ஒட்டி, பலகையும் தகரமும் வைத்து, 6 அடிக்கு 8 அடியில் ஓர் அறை எடுக்கப் பார்த்திருக்கிறாள். தன் சம்பளத்தில், தன் செலவில். இரண்டு கம்பம் நட்ட அன்றே தோட்ட ஆபீசிலிருந்து ஆள் வந்து நிறுத்திவிட்டார்கள். அனுமதி இல்லாமல் லயத்தில் ஓர் ஆணியும் அடிக்கக்கூடாதாம். வங்கியில் கடன் கேட்டுப் போனால் உறுதியைக் கொண்டுவா என்கிறார்கள். உறுதிக்கு எங்கே போவது? 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குக் கைமாறியது. இந்தக் காம்பராவில் தலைமுறைகளாகக் குடியிருப்பவர்களின் பெயர் மட்டும் எந்த உறுதியிலும் ஏறவில்லை. இந்திய உதவியுடன் 7 பேர்ச் காணியில் தனி வீடுகள் பல தோட்டங்களில் எழுந்திருக்கின்றன. அக்காவின் டிவிஷனுக்கு இன்னும் வரவில்லை.

மத்தியானம் அக்கா வந்தாள். படியேறும்போதே முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். மகளின் சம்பளத்தில் குடும்பம் தாராளமாக நடக்கும். பிறகு ஏன் இந்தப் பாடு என்று கேட்டேன்.

"நான் பேர வெட்டிட்டா காம்பரா யாருக்கு தம்பி? வீட்டுல ஒரு ஆளாவது தோட்டத்துல பேர் போடணும்ல."

அது எங்கும் எழுதப்படாத விதி. ஆனால் லயத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். முப்பது வருடமாகப் பத்திரிகையில் இருக்கிறேன். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாயானபோதும், 2024இல் 1,350 ரூபாயானபோதும் பெரிய எழுத்தில் தலைப்புப் போட்டவன் நான். அந்தச் சம்பளத்தை நம்பியிராத ஒருத்தி, கூரைக்காக மட்டும் வலிக்கும் முழங்காலோடு மலையேறிக்கொண்டிருக்கிறாள் என்பதை என் சொந்த அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மகள் வீட்டிலிருந்து வேலை செய்ய வேண்டுமானால் தாய் வெளியே போயாக வேண்டும்.

மாலையில் திரைக்குப் பின்னாலிருந்து அவள் கேட்டாள்: "மாமா, அந்த ரூமுக்குப் பெர்மிஷன் கேட்டு இங்கிலீசுல ஒரு லெட்டர் எழுதித் தாங்களேன். நீங்க எழுதுனா தொர படிப்பாரு."

அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். எத்தனையோ பேரை எதிர்த்து எழுதிய கைக்கு, ஒரு தோட்டத் துரைக்குப் பணிவாக நாலு வரி எழுதுவது சிரமமாகத்தான் இருந்தது. விண்ணப்பிப்பவர் பெயரில் அக்காவின் பெயரைப் போடச் சொன்னாள் மகள்; பேர் போடுகிறவர் அவர்தானே. பெயரைப் போட்டேன். விலாசம்?

"லயம் நம்பரும் டிவிஷனும் போடுங்க மாமா. கீழ 'தோட்ட ஆபீஸ் மேற்பார்த்து'ன்னு போடணும். நம்ம தபாலெல்லாம் அங்கதான வரும்."

அப்படியே போட்டேன். அக்கா விளக்கைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவந்து வைத்தாள்.