இரு துவக்குகள்

துவக்கைப் பற்றித் தமிழாசிரியர் எழுதப் புகுவது அன்பர் சிலருக்கு வியப்பைத் தரலாம். நாவுலவில் வாழ்வோருக்கு அதில் வியப்பில்லை. தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் இடைப்பட்ட இவ்வூரில், காட்டை ஒட்டிய சேனைகளில் சோளமும் வெங்காயமும் பயிரிடும் கமக்காரருக்கு மண்வெட்டியை அடுத்த கருவி துவக்குத்தான். காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் இரவிலே வரும். குரங்குக் கூட்டமோ பட்டப்பகலில் வரும். 2025 மார்ச் 15ஆம் நாள் காலை எட்டு மணிக்கு, நாடெங்கும் ஐந்து நிமிடம் குரங்கையும் மயிலையும் மர அணிலையும் மக்களைக் கொண்டு எண்ணுவித்தது அரசு. எம் மாணாக்கர் சிலரும் தாளும் பென்சிலுமாக நின்றனர். எண்ணி முடிந்ததும் குரங்குகள் வழக்கம்போலச் சோளத்துக்குள் இறங்கின.

கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்திலே தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் எம் மைத்துனர் அண்மையில் ஒரு கடிதம் வரைந்திருந்தார். உடன் வேலை செய்வோருடன் இலையுதிர்காலத்தில் மான் வேட்டைக்குப் போகத் தொடங்கியிருக்கிறாராம். பாதுகாப்புப் பயிற்சி முடித்து உரிமமும் பெற்றுவிட்டார். "அத்தான், ஒரேயடியாக நல்லதை வாங்கக் கையில் பணமில்லை. ஆண்டுக்கு ஓர் உறுப்பாக மாற்றிச் செம்மைப்படுத்தக்கூடிய ரைபிள் ஒன்றை இப்போதே தெரிந்தெடுக்க வேண்டும். நீங்கள் நூல் பார்ப்பவர், எது நல்லது?" என்பது அவர் வினா.

இலக்கணம் கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்போம். இதற்காகச் சில நூல்களைப் புரட்ட நேர்ந்தது. புரட்டியதில் சுவையும் கண்டோம். கதவின் தாழைப் போல ஒரு கைப்பிடியை உயர்த்திப் பின்னிழுத்தால் வெற்றுத் தோட்டா வெளியே விழும். முன் தள்ளித் தாழிட்டால் புதுத் தோட்டா குழலுக்குள் ஏறும். போல்ட் ரைபிளின் தத்துவம் இவ்வளவே. 1898இல் ஜேர்மனியின் மவுசர் தொழிற்சாலை செம்மைப்படுத்திய அமைப்பையே பின்வந்தோர் பலரும் பின்பற்றினர். தாழும் அதை ஏந்தி நிற்கும் கூடுமே இதன் உயிர்நிலை. குழல், கட்டை, விசை, தொலைநோக்கி யாவும் காலப்போக்கில் மாற்றத்தக்கவை. கனடாவின் சட்டமும் அக்கூட்டையே துவக்கு எனக் கொள்கிறது. ஆகவே, படிப்படியாகத் திருத்த எண்ணுவோன் கூட்டைத்தான் கவனித்து வாங்கவேண்டும். மரம் கீறியிருந்தால் என்ன, மெருகு போயிருந்தால் என்ன?

மைத்துனர் உள்ளம் பழைய லீ-என்பீல்டில் இருந்தது. கனடாவின் வடபுலக் காவற்படையான ரேஞ்சர்கள் ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் சுமந்த ரைபிள் அது. உறுதியில் குறையில்லை. ஆனால் அதன் கட்டை முன்னும் பின்னுமாக இரு துண்டு. புது உறுப்புகள் அதற்கு எளிதில் இசைவதில்லை. பழம்பொருளை அறுத்துச் சிதைப்பதும் எமக்கு ஒவ்வாத செயல். பிறிதொன்றும் எம் நெஞ்சை உறுத்திற்று. 1919 ஏப்ரல் 13இல் ஜாலியன்வாலாபாக்கில் சுவர்களுக்குள் அகப்பட்ட மக்கள்மீது 1,650 தோட்டாக்களைப் பொழிந்தவை லீ-என்பீல்டுகளே. இரும்பிற்குப் பாவமில்லை என்பர், ஒப்புகிறோம். ஆயினும் அதை எம் உறவினரின் தோளில் காண மனம் இசையவில்லை.

1962இல் வந்த ரெமிங்டன் 700க்கு மாற்று உறுப்புகள் மிகுதி. எனினும் 1958இல் வந்த சாவேஜ் 110 வகையையே நாம் பரிந்துரைத்தோம். அதிலே குழலைக் கூட்டுடன் பிணைப்பது ஒரு திருகு வளையம். தக்க கருவியும் அளவுகோலும் உடையவன் பொறுமையோடு தானே குழலை மாற்றலாம். முதலில் தொலைநோக்கி, பின்பு கட்டை, குழல் தேய்ந்த பின்னரே குழல் என வரிசையும் எழுதினோம். தன் கருவியின் உள்ளும் புறமும் அறிந்து தன் கையாலேயே திருத்திக்கொள்ளும் உழைப்பாளியின் இன்பம் பழிக்கத்தக்கதன்று.

எம் அயலவரான சிங்களக் கமக்காரரின் துவக்கும் படிப்படியாகத் திருத்தப்பட்டதே. தந்தை வழி வந்த ஒற்றைக் குழல் 12ஆம் இலக்கத் துவக்கு அது. ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு உருண்டையாக்கினால் ஓர் உருண்டை புகும் குழல் என்பது அவ்விலக்கத்தின் பொருள்; இதைச் சொன்னபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். கட்டை உடைந்த ஆண்டில் பலாமரத் துண்டு. அது கீறிய ஆண்டில் கம்பிச் சுற்று. பிறகு சைக்கிள் குழாய் ரப்பர். "மாஸ்டர் மாத்தயா, இதில் அப்பாவுடையது இரும்பு மட்டும்தான்" என்பார். மைத்துனருடையதும் இதுவும் ஒரே முறையில் வளர்ந்தவைதாம். ஒன்றை விருப்பம் வளர்க்கிறது, மற்றதை வறுமை.

இந்நிலத்தில் துவக்கின் கதை வரியோடு பின்னியது. 1848இல் தேசாதிபதி டொரிங்டன் துவக்கு ஒன்றுக்கு இரண்டரை ஷில்லிங் வரி விதித்தான், நாயையும் விடவில்லை. அவ்வாண்டு ஜூலையில் தம்புள்ளையில் முடிசூடிய கொங்காலேகொட பண்டாவும் புரன் அப்புவும் மாத்தளையைத் தாக்கியதற்கு அவ்வரிகளும் காரணம். ஆகஸ்ட் 8ஆம் நாள் கண்டியில் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டான். வெள்ளையர் 1916இல் இயற்றிய சுடுகலன் கட்டளைச் சட்டம் திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையிலிருக்கிறது. ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கவேண்டும். கட்டுப்பாடு வேண்டாம் என்று நாம் கூறோம். ஆனால் காணி உறுதி காட்ட இயலாத சேனைக்காரன் என் செய்வான்?

அவன் கட்டுத்துவக்குக் கட்டுகிறான். தண்ணீர்க் குழாய் ஒன்று, கரிமருந்து, பாதையின் குறுக்கே ஒரு நூல். நூலை இடறுவது பன்றியா மனிதனா என்று அக்குழாய் பார்ப்பதில்லை. எம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை விறகுக்குப் போன இடத்தில் முழங்காலுக்குக் கீழே காலை இழந்தார். கட்டியவன் அவரைப் போலவே ஒரு கூலிக் கமக்காரன். மாணவி இரு மாதம் பாடசாலைக்கு வரவில்லை. வந்தபோது, தான் இனி உயர்தரம் படிக்கப்போவதில்லை என்றாள். வீட்டாரிடம் மூன்று முறை போய்ப் பேசினோம். இப்போது வருகிறாள், வெங்காயம் கிண்டும் பருவத்தில் மட்டும் வருவதில்லை.

அயலவர் கடந்த டிசம்பரில் பத்திரம் புதுப்பிக்கப் பிரதேச செயலகத்துக்கு இரு முறை அலைந்தார். தோட்டா வாங்கும் பணத்தையும் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு, காட்டோரத் துண்டிலே இம்முறை சோளம் விதைக்காமல் விட்டார்.