டாக்டருக்கு யார் பாடம் எடுப்பது?

பி.காம் படிக்கிறவனுக்கு டாக்டர்களின் படிப்பைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கப் போகிறீர்கள். எல்லாம் எங்கள் வருமான வரி வகுப்பு செய்த வேலை.

1961-ஆம் வருடச் சட்டத்தின் 37(1) பிரிவை சார் நடத்திக்கொண்டிருந்தார். தொழிலுக்காகச் செய்த செலவை லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். சட்டம் தடுத்த காரியத்துக்குச் செய்த செலவைக் கழிக்க முடியாது. இதற்கு உதாரணம் அபெக்ஸ் லேபரட்டரீஸ் வழக்கு. ஜிங்கோவிட் என்ற சத்து மருந்தை விற்கிற கம்பெனி. டாக்டர்களுக்குக் கொடுத்த அன்பளிப்புகளுக்காக 4 கோடியே 72 லட்சத்துச் சொச்சம் ரூபாயைச் செலவாகக் காட்டியது. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதெல்லாம் செல்லாது என்று சொல்லிவிட்டது.

அன்பளிப்புப் பட்டியலை சார் வாசித்தார். தங்க நாணயம், எல்.சி.டி. டிவி, ஃபிரிட்ஜ், லேப்டாப்... வகுப்பே சிரித்தது. அதே பட்டியலில் 'மாநாட்டுக் கட்டணம்' என்றும் ஒன்று இருந்தது. எனக்கு இடித்தது அங்கேதான். ஒருவர் படிப்பதற்கான ஃபீஸ் எப்படி ஃபிரிட்ஜோடு ஒரே வரியில் வந்து உட்கார்ந்தது?

தேடிப் படித்தேன். டிகிரி வாங்கிய பிறகும் டாக்டர்கள் படித்துக்கொண்டே இருக்க வேண்டும். தொடர் மருத்துவக் கல்வி, அவர்கள் பாஷையில் சி.எம்.ஈ. இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஐந்து வருடத்தில் குறைந்தது 30 மணி நேரம். அதாவது வருடத்துக்கு 6 மணி நேரம். எங்கள் துறையில் பிராக்டிஸ் செய்கிற, 60 வயதுக்குட்பட்ட ஆடிட்டருக்கு மூன்று வருடத்தில் 120 மணி நேரம். வருடத்துக்கு 40! பேலன்ஸ் ஷீட் பார்க்கிறவருக்கு 40, நாடி பார்க்கிறவருக்கு 6. வேண்டுமானால் கால்குலேட்டரில் தட்டிப் பாருங்கள்.

ஆடிட்டருக்கு வருடா வருடம் பட்ஜெட் வந்து சட்டம் மாறுகிறது, டாக்டருக்கு என்ன மாறுகிறது, இதயம் அதே இடத்தில்தானே இருக்கிறது என்று ஒரு நண்பன் கேட்டான். இதயம் அங்கேயேதான் இருக்கிறது. கிருமி இருக்காது. நாம் ஒரு மருந்து கண்டுபிடித்தால் அது தப்பிக்க வழி கண்டுபிடிக்கிறது. அதனால் தொற்றுநோய் மருந்து, தடுப்பூசி இரண்டிலும் பாடம் மாறிக்கொண்டே இருக்கும்.

காசநோயை எடுத்துக்கொள்ளுங்கள். அரசுத் திட்டத்தில் வாரம் மூன்று நாள் மட்டும் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2017-ல் தினமும் என்று மாற்றினார்கள். பல மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்கு ஆறே மாதத்தில் முடிகிற புது சிகிச்சைக்கு 2024-ல் மத்திய அரசு அனுமதி கொடுத்தது. போலியோ சொட்டு மருந்தில் மூன்று வகை வைரஸ் இருந்ததை 2016 ஏப்ரலில் இரண்டாக்கினார்கள். கோவிட் சமயத்தில் இன்னும் வேகம். பிளாஸ்மா சிகிச்சையை 2021 மே மாதமும், ஐவர்மெக்டினை அதே வருடம் செப்டம்பரிலும் தேசிய வழிகாட்டுதலிலிருந்து எடுத்தார்கள். இருபத்தைந்து வயதில் பாஸ் செய்து அறுபத்தைந்து வரை வைத்தியம் பார்க்கிறவர், கல்லூரி நோட்ஸை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

இது எனக்கு வெறும் பரீட்சைக் கேள்வி இல்லை. 2021 மே மாதம் தாத்தாவுக்குக் கோவிட். எங்கள் ஊர் தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். ரெம்டெசிவிர் ஆறு குப்பி என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். மாமா சென்னைக்கு ஓடினார். கீழ்ப்பாக்கத்தில் அரசு விற்பனைக் கவுன்ட்டர் முன்னால் நின்ற அந்த நீள வரிசையை டிவியில் பார்த்திருப்பீர்கள். அதில் இரண்டு நாள் நின்றார். ஊசியோடு அவர் வந்து சேர்ந்தபோது தாத்தா ஆக்சிஜனிலேயே தேறிவிட்டிருந்தார். அடுத்த வாரம் மாமாவுக்குக் காய்ச்சல். எங்கே தொற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது. பிழைத்துக்கொண்டார். ஆனால் இன்றைக்கும் இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

அதற்கு ஆறு மாதம் முன்பே, 2020 நவம்பரில், மருத்துவமனையில் இருக்கும் கோவிட் நோயாளிகளுக்கு ரெம்டெசிவிர் தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்திருந்தது. உயிரைக் காப்பாற்றுகிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றார்கள். இந்திய வழிகாட்டுதலோ சில நோயாளிகளுக்கு மட்டும் கொடுக்கலாம் என்று வைத்திருந்தது. எங்களுக்குச் சீட்டு எழுதிய டாக்டர் கெட்டவர் இல்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தட்டினாலும் கதவைத் திறக்கிறவர். ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கிறார். அவர் எப்போது படிப்பார்? அவருக்கு யார் வந்து சொல்வார்கள்?

வந்து சொல்கிற ஆள் ஒருவர் உண்டு. கிளினிக் வாசலில் டை கட்டிக்கொண்டு, தோலில் கறுப்புப் பையோடு நம் கூடவே காத்திருப்பாரே, மெடிக்கல் ரெப், அவர்தான். அடுத்தது கம்பெனி செலவில் ஓட்டலில் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், மதியச் சாப்பாட்டோடு. அங்கே சொல்வதெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. பேசுகிறவர்கள் பெரிய டாக்டர்கள். என் சந்தேகம் வேறு: அங்கே எந்தப் பாடத்தை எடுக்க மாட்டார்கள்?

நாய் கடித்தால் முதலில் செய்ய வேண்டியது காயத்தைச் சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவது. வெறிநோய்க்கான இம்யூனோகுளோபுலின் மருந்தைக் காயத்திலும் அதைச் சுற்றியும் போட்டால் போதும், மீதியை வேறு இடத்தில் குத்த வேண்டியதில்லை என்று 2018-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. விலை அதிகமான மருந்து அது, மிச்சமாகிறது. சாதாரண சளிக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்பதும் இந்த ரகம்தான். இதெல்லாம் உயிரையும் காசையும் காப்பாற்றுகிற பாடங்கள். ஆனால் 'மருந்து எழுதாதீர்கள்' என்ற பாடத்துக்கு எந்த மருந்து கம்பெனி ஹால் வாடகை கொடுக்கும்?

நிற்க. சட்டம் சும்மா இருக்கவில்லை. கம்பெனிகளிடம் பரிசும் பயணச் செலவும் வாங்கக் கூடாது என்று டாக்டர்களுக்கு 2009 டிசம்பரிலேயே தடை வந்தது. கம்பெனி ஸ்பான்சர் செய்கிற கல்விக் கூட்டங்களில் கலந்துகொள்ளவே கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023-ல் விதி போட்டது. எதிர்ப்பு வந்ததும் அதே மாதம் நிறுத்தி வைத்தது. 2024 மார்ச்சில் மத்திய அரசு மருந்து கம்பெனிகளுக்கு நடத்தை விதி கொண்டுவந்தது. டாக்டர்களுக்கான கூட்டத்தை வெளிநாட்டில் நடத்தக் கூடாது, உள்நாட்டில் நடத்தினால் செலவுக் கணக்கைத் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும் என்கிறது அது. வரவேற்கிறேன். ஆனால் ஒரு கதவைச் சாத்தினால் மட்டும் போதுமா? எங்கள் ஊர் டாக்டருக்கு இன்னொரு கதவைத் திறந்துவிட வேண்டாமா?

அதற்கு யார் பணம் கொடுப்பது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இதற்கு மட்டும் காமர்ஸ் மாணவனாக என்னால் பதில் சொல்ல முடியும். அன்பளிப்புக்கு ஆகிற செலவு மருந்தின் விலையில்தான் ஏறுகிறது என்று உச்ச நீதிமன்றமே அந்தத் தீர்ப்பில் எழுதியிருக்கிறது. கணக்குப் பதிவியல் முதல் வருடம் படித்தவனுக்கும் இது புரியும். கம்பெனி தன் பாக்கெட்டிலிருந்து எதையும் கொடுப்பதில்லை. மாத்திரை அட்டை வாங்கும்போது நீங்களும் நானும்தான் அந்த ஓட்டல் ஹாலுக்கு வாடகை கட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஆக, டாக்டர்களின் படிப்புக்கு ஃபீஸ் ஏற்கெனவே நாம்தான் கட்டுகிறோம். சிலபஸை மட்டும் வேறு யாரோ போடுகிறார்கள். அதே பணத்தை நேர்வழியில் வரியாக வாங்கி, மாவட்டத்துக்கு ஒரு மருத்துவக் கல்லூரியில், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி பெயர் போடாத கரும்பலகையில் இந்தப் பாடத்தை நடத்தலாமே? மதியச் சாப்பாடும் தாராளமாகப் போடலாம்.