அப்பப்பாவுக்கு ஒரு கடன் அட்டை

ஸ்காபரோவில் வேண்டாத தபாலை நிறுத்துவது இரண்டு வேலை. ஒன்று லேசு. பெயர் இல்லாமல் வீடு வீடாகப் போடுகிற பிளையர்களுக்கு, வேண்டாம் என்று ஒரு துண்டில் எழுதித் தபால்பெட்டியில் ஒட்டினால் போதும். கனடா போஸ்ட் அதை மதிக்கும். தெருமுனைக் கூட்டுப்பெட்டி என்றால் உங்கள் அறையின் உள்விளிம்பில் ஒட்டவேண்டும். தேர்தல் அலுவலகமும் எம்.பி.யும் அனுப்புவது அதற்குப் பிறகும் வரும். பீட்சாவும், கோட் போட்டுச் சிரிக்கிற எங்கட ரியல் எஸ்டேட் ஆக்களும் அடங்கிவிடுவார்கள்.

அம்மா ஒட்ட விடவில்லை. 2023 செப்டம்பரில் ஸ்காபரோ மிரர் அச்சில் நின்று, அதோடு வந்த பிளையர் கட்டும் நின்றதே அவவுக்குப் பெரிய இழப்பு. எல்லாம் போனில் இருக்கு என்றேன். "போனில பேனையால வட்டம் போடேலுமோ?" என்றா.

மற்றது பெயரோடு வருவது. எங்கள் வழக்கப்படி அப்பாவின் பெயருக்கு முன்னால் அப்பப்பாவின் பெயர். குடிவரவுப் படிவத்தில் அது குடும்பப்பெயர்க் கட்டத்துக்குள் போய்விட்டது. ஆகவே கடன் அட்டைக் கம்பனி 'அன்புள்ள மிஸ்டர்' என்று கூப்பிடுவது அப்பப்பாவை. யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டம் செய்து, கனடாவைக் காணாமலே செத்த மனிசன். பனி அள்ள ஆள் வேணுமா என்று அவரைக் கேட்கிறார்கள். காது கேட்கும் கருவிக்குக் கழிவு தருகிறார்கள்.

அப்பாவின் பெயரும் சும்மா நீளமில்லை. ஒரு தரும நிறுவனத்துக்கு அவர் 20 டொலர் கொடுத்தபோது, கட்டம் முடிந்த இடத்தில் கடைசி மூன்று எழுத்து விழுந்துபோனது. அடுத்த வருடம் அதே மொட்டைப் பெயருக்கு வேறு நாலு இடத்திலிருந்து கடிதம். பட்டியல் கைமாறியதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நீளப் பெயரில் நான் கண்ட ஒரே லாபம் இது.

அப்பா போய் இரண்டு வருடம். கடிதங்கள் நிற்கவில்லை. தொலைபேசித் தொல்லைக்கு 2008இல் தேசியப் பதிவேடு வந்தது, மின்னஞ்சலுக்கு 2014இல் சட்டம் வந்தது. காகிதத்துக்கு அப்படி அரச பதிவேடு ஒன்றும் இல்லை. 2000ஆம் ஆண்டின் தனியுரிமைச் சட்டம், ஒரு கம்பனிக்குக் கொடுத்த சம்மதத்தைத் திருப்பி எடுக்கலாம் என்கிறது. ஆனால் ஒவ்வொரு கம்பனியாக.

அதனால் சனிக்கிழமைகளில் கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் கிடக்கும் நம்பர்களுக்கு எடுக்கிறேன். அவர் இறந்துவிட்டார் என்கிறேன். "சொறி" என்கிறார்கள், பெயரை எழுத்துக் கூட்டச் சொல்கிறார்கள். முழுப்பெயரைச் சொன்னால் கொம்பியூட்டரில் ஆள் இல்லை. அவர்கள் வெட்டிய இடத்தில் நானும் வெட்டவேண்டும். ஒரே நாளில் ஐந்து தரம் அப்பா இறந்ததைச் சொன்ன பிறகு தொண்டை ஒருமாதிரி ஆகிவிடும். அடுத்த கட்டு அச்சாகிவிட்டது, இன்னும் இரண்டு மாதம் வரலாம் என்று வேறு சொல்வார்கள்.

பதினொரு இடத்தில் நிறுத்தியாயிற்று. பன்னிரண்டாவதுக்கு எடுக்கும்போது அம்மா ரிசீவரைப் பொத்தினா. "எல்லாத்தையும் நிப்பாட்டாதை பிள்ளை. ஒண்டை விடு."

அது அந்தத் தரும நிறுவனம்தான். அப்பாவின் பெயரும் எங்கள் விலாசமும் அச்சடித்த ஸ்டிக்கர்களை இப்பவும் அனுப்புகிறது. அம்மா அவற்றை மிளகாய்த்தூள் போத்தல்களில் ஒட்டுகிறா. ஒட்டமுதல், விட்டுப்போன மூன்று எழுத்தையும் பேனையால் எழுதுகிறா.