ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்

"ஆபீஸையும் பார்த்துக்கொண்டு வீட்டையும் எப்படித்தான் சமாளிக்கிறீர்களோ!" என்று என்னிடம் கேட்காத சிநேகிதிகள் இல்லை. என் கணவரும் ஆபீஸுக்குப் போகிறவர்தான். அவரை யாரும் இப்படிக் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை!

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்து மாட்டுப் பண்ணை ஒன்றின் நினைவு வரும். காப்டன் ரிச்சர்டு கிங் என்று ஒருவர். ரியோ கிராண்டே நதியில் நீராவிப் படகுகள் விட்டுப் பணம் சேர்த்தவர். 1853-ல் அவருக்கு மாட்டுப் பண்ணை ஆசை பிறந்தது. 15,500 ஏக்கர் புல்வெளியை வாங்கிப் போட்டார். அதற்காகப் படகுத் தொழிலை விட்டாரா? இல்லை. மேலும் இருபது வருஷம் இரண்டையும் நடத்தினார். 'ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்' என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதை அட்சரம் பிசகாமல் செய்து காட்டிய மனிதர்!

சரி, அவர் ஆற்றில் இருந்த நாட்களில் சேற்றைப் பார்த்துக்கொண்டது யார்?

ஹென்ரியட்டா அம்மாள் ஒரு பாதிரியாரின் மகள். 1854 டிசம்பரில் காப்டனுக்கு வாழ்க்கைப்பட்டுப் பண்ணைக்கு வந்தார். அங்கே மாளிகை இல்லை. குச்சியும் மண்ணும் வைத்துக் கட்டிய குடிசைதான். சாமான் அறையில் இடம் போதாமல் பெரிய தட்டுகளை வெளிச் சுவரில் மாட்டி வைத்தாராம். ஒண்டுக் குடித்தனம் செய்தவர்களுக்கு இதெல்லாம் புதிதா, என்ன!

வறட்சியில் வாடிய மெக்சிகோ கிராமம் ஒன்றிலிருந்து குடும்பம் குடும்பமாக ஜனங்கள் பண்ணையில் வேலைக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு வீடு, குழந்தைகளுக்குப் படிப்பு எல்லாம் அம்மாளின் பொறுப்பு. சொந்தக் குழந்தைகள் ஐந்து பேர் வேறு. உள்நாட்டுப் போரின்போது, 1863 டிசம்பரில், வடக்குப் படையினர் பண்ணையைத் தாக்கினார்கள். காப்டன் முன்னமே தப்பிவிட்டார். வீட்டில் குழந்தைகளுடன் இருந்தவர், நிறை கர்ப்பிணியான ஹென்ரியட்டா. காவலுக்கு நின்ற ஊழியர் சுட்டுக் கொல்லப்பட்டார். பிப்ரவரியில் அம்மாளுக்கு ஆண் குழந்தை பிறந்தது.

1885-ல் காப்டன் காலமானார். விட்டுச் சென்றது 5 லட்சம் ஏக்கர் நிலம். கூடவே 5 லட்சம் டாலர் கடன்! அம்மாளுக்கு அப்போது வயது 52. விற்றுவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அவர் விற்கவில்லை. எல்லாவற்றையும் தம் தலையிலேயே சுமக்கவும் இல்லை. ராபர்ட் கிளேபர்க் என்ற இளம் வக்கீலை நிர்வாகியாக அமர்த்தினார். மறு வருஷம் அவரே மாப்பிள்ளையும் ஆனார்! யோசனை மாப்பிள்ளையுடையது, கடைசி வார்த்தை மாமியாருடையது. வருஷக் கணக்கில் வறட்சி வாட்டியது. 1899-ல் ஆழ்துளைக் கிணற்றில் ஊற்று தானாகவே பொங்கி வந்தது. கடன் அடைந்தது. 1904-ல் ரயில் வந்தது. கிங்ஸ்வில் என்ற ஊரே எழுந்தது. அந்தப் பண்ணையில் பிற்பாடு உருவான சான்டா கெர்ட்ரூடிஸ் என்ற மாட்டினத்தில், திமிலுள்ள நம் நாட்டு மாடுகளின் ரத்தமும் கலந்திருக்கிறது.

இரண்டு காரியங்களை ஒருவர் 'சமாளிக்கிறார்' என்றால், அவருக்குப் பின்னால் இன்னொரு ஜோடிக் கை இருக்கிறது என்று அர்த்தம். என் வீட்டில் அது என் மாமியாரின் கை. காலையில் பால் காய்ச்சுவதிலிருந்து குழந்தையைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வருவது வரை அவர்தான். அவருக்குச் சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது. பெயர் மட்டும் எனக்கு!

1925-ல் ஹென்ரியட்டா அம்மாள் மறைந்தபோது, பண்ணை ஊழியர்கள் ஏறக்குறைய இருநூறு பேர் குதிரைகளில் வந்தார்கள். ஒவ்வொருவராகக் கல்லறைக் குழியை ஒரு முறை வலம் வந்து மரியாதை செலுத்தினார்கள். பண்ணையை யார் கட்டிக் காத்தது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் குதிரைப் படை வேண்டாம். உட்கார வைத்து ஒரு வாய் காப்பி கொடுத்து, "உங்களால்தான் அம்மா எல்லாம் நடக்கிறது" என்று அவர்கள் காது கேட்கச் சொன்னால் போதும்.